பெயர் தெரிந்தால் தொழில் தெரியுமா? – மேல்நிலைப் பள்ளித் தொழிற்பாடங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரையிலும், அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயிலை நோக்கிப் பிரியும் சாலையில் ஒரகடம் வரையிலும் செல்பவர், தமிழ்நாட்டின் அண்மைக்காலத் தொழில் வரலாற்றை வழிநெடுகக் காணலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸ்ஸான் கார் ஆலையும், 2012-இல் டைம்லர் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் இயங்கத் தொடங்கின. இவற்றைச் சுற்றிக் கண்ணாடி, டயர், இருக்கை, மின்கம்பித் தொகுதி, வார்ப்பு முதலிய பொருள்களைச் செய்யும் ஆலைகள் எழுந்தன. அவற்றோடு கட்டட வேலையும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

மோட்டார் வாகனம், கட்டடம், இயந்திரம் ஆகிய மூன்றும் தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்பிரிவில் நெடுங்காலமாகப் பாடங்களாக இருந்து வருபவை. பள்ளி கற்பிப்பதும் இந்த மூன்று. சாலையின் இருபுறமும் நடப்பதும் இந்த மூன்று. ஆகவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அகலமான பாதை இருக்கும் என்று எவரும் எண்ணுவர். உண்மை அவ்வாறில்லை. ஆலையின் பொருத்து வரிசை வேலைக்கு வரும்போது, தொழிற்பிரிவு படித்தவரும், கணிதம் படித்தவரும், வரலாறு படித்தவரும் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றனர். ஈராண்டுகள் தொழில் படித்ததற்கு அங்கே தனி மதிப்பு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

இது ஏன் நேர்ந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சில உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்பதும், அவற்றில் விடுபட்டுப் போன காரணத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று தலைமுறை முயற்சி

பள்ளியில் தொழில் கற்பிக்க வேண்டும் என்பது புதிய எண்ணமன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பலவகைப் பாடங்களைக் கொண்ட பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1964–66-இல் பணியாற்றிய கோத்தாரிக் குழு, தொழிற்கல்வியைக் கல்வியின் நடுநாயகமான பகுதிகளுள் ஒன்றாக வைத்துப் பேசியது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் தொடங்கியது. அதே ஆண்டில், டாக்டர் மால்கம் ஆதிசேசையா தலைமையிலான தேசிய மறுஆய்வுக் குழு, 'செய்யக் கற்றல்' என்று பொருள்படும் தலைப்பிட்டுத் தன் அறிக்கையை அளித்தது.

பின்னர் வந்தன இலக்குகள். மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 விழுக்காட்டினரையும், 1995-க்குள் 25 விழுக்காட்டினரையும் தொழிற்பிரிவுக்குக் கொணர்வது என்று 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறியது. 1992-இல் அந்த ஆண்டுகள் 1995 என்றும் 2000 என்றும் தள்ளிவைக்கப்பட்டன. அப்போதும் இலக்கு எட்டப்படவில்லை. 2020-ஆம் ஆண்டின் கொள்கையோ, 2025-க்குள் கற்போரில் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வி அறிமுகமாக வேண்டும் என்றது. விழுக்காடு கூடிக்கொண்டே வந்தது. பட்டறைக்குள் என்ன கற்பிப்பது என்ற கேள்விக்கு மட்டும் அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

முதற் குறை: பெற்றோரின் வெறுப்பு

"நம் மக்களுக்குக் கைத்தொழில் என்றால் இளப்பம், அதனால்தான் தொழிற்பிரிவு வளரவில்லை" என்பது அடிக்கடி கேட்கும் விளக்கம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பெற்றோரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அவர்களுடைய ஐயத்திற்கு வரலாறு இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1953-இல் ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொணரப்பட்டது. நாளில் ஒரு பகுதி பள்ளியில் பாடம், மறு பகுதி வீட்டில் தந்தையின் தொழில் என்பது அதன் ஏற்பாடு. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவும், துணி வெளுப்பவர் மகன் துணி வெளுக்கவும் மீண்டும் திருப்பி அனுப்பப்படுவான் என்ற அச்சம் எங்கும் பரவியது. 'குலக்கல்வி' என்று பெயர் பெற்ற அத்திட்டம் 1954-இல் கைவிடப்பட்டது. தொழிற்கல்வி என்ற சொல் கேட்டதும் தமிழ்நாட்டுப் பெற்றோர் இன்றும் முதலில் கேட்கும் வினா, "இதற்குமேல் என் பிள்ளை படிக்க வழி இருக்கிறதா?" என்பதே. 2020-ஆம் ஆண்டுக் கொள்கை பற்றி இங்கே எழுந்த விவாதத்திலும் இந்த வினாவே ஒலித்தது.

இது அறியாமையால் எழும் வினா அன்று. ஒரு பாடம் மாணவனை மேலே செல்ல விடுகிறதா, அன்றி ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறதா என்பதை வைத்தே அதை மதிக்க வேண்டும் என்னும் பகுத்தறிவு இதில் உள்ளது. அந்த அளவுகோலையே நாமும் இக்கட்டுரையில் பயன்படுத்துவோம்.

இரண்டாம் குறை: பழைய கருவிகள்

"பள்ளிப் பட்டறையில் இருப்பவை பழங்காலத்துக் கருவிகள்; ஆலைகளிலோ எந்திர மனிதர்கள் பற்றவைப்பு செய்கின்றனர்" என்பது அடுத்த குறை. இது கேட்பதற்கு வலுவானதாகத் தோன்றும், ஆனால் மேற்போக்கானது.

கார்புரேட்டரை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 மாசு விதிகள் வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் போய் எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு இடம்பெற்றது. ஆகவே கார்புரேட்டரைக் கற்பிப்பது வீண் என்று சொல்லிவிடலாமா? குறுகிய வழியே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு பெட்ரோலை உறிஞ்சுகிறது. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். கார்புரேட்டர் இந்த விகிதத்தைத் துளைகளின் அளவால் காக்க முயன்றது. புதிய அமைப்போ, புகைப்போக்கியில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை உணர்ந்து, மின்னணுக் கட்டுப்பாட்டால் அதைக் காக்கிறது. கருவி மாறியது, விகிதம் மாறவில்லை. விகிதத்தைப் புரிந்துகொண்டவன் இரண்டையும் பழுது பார்ப்பான். கார்புரேட்டரின் பாகங்களை மனப்பாடம் செய்தவனுக்கு இரண்டும் புதிர்தான்.

விலையுயர்ந்த எந்திரத்தைப் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தாலும், அதையும் "பாகங்களைக் குறி" என்று படம் வரைய வைத்தால் நிலைமை மாறாது. எனவே குறை கருவியின் வயதில் இல்லை.

மூன்றாம் குறை: ஆலைக்குப் பொருந்தவில்லை

"ஆலைக்கு வேண்டியதைப் பள்ளி கற்பிக்கவில்லை" என்பது மூன்றாவது. இதைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். ஏனெனில் இன்று எல்லோரும் கூறும் தீர்வு இதிலிருந்தே பிறக்கிறது.

ஒரு பொருத்து வரிசையிலிருந்து மணிக்கு 60 ஊர்திகள் வெளிவருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர்திக்குக் கிடைப்பது 60 விநாடி. அதற்குள் அவர் நான்கு நட்டுகளை முடுக்கவோ, ஒரு குழாயை மாட்டவோ வேண்டும். அடுத்த நிமிடமும் அதே வேலை; அடுத்த நாளும் அதே வேலை. ஒருவர் சில நாட்களில் பழகிக்கொள்ளும்படி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பதே இந்த உற்பத்தி முறையின் தத்துவம். சில நாட்களில் ஆலையே சொல்லித் தரக்கூடிய ஒன்றைப் பள்ளி ஈராண்டுகள் ஏன் கற்பிக்க வேண்டும்? அந்த வேலைக்கென்றே மாணவனைத் தயாரிப்பது, ஆலையின் செலவைப் பள்ளி ஏற்பதாகும். மாணவனுக்கு அதனால் பயன் சிறிதே.

இதற்கு இப்பகுதியிலேயே சான்று உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே வேலை பார்த்தனர். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. அருகிலுள்ள மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையின் கார் உற்பத்தி 2022-இல் நின்றது. ஆலை மூடப்படுவதற்கான காரணங்கள் வேறு. அவை தொழிலாளியின் கையில் இல்லை. ஆனால் மூடிய மறுநாள் அவர் எதை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார் என்பது கல்வியைப் பொறுத்தது. கருவிகளின் இயக்கமும் அளவீடும் பழுதின் காரணமும் தெரிந்தவருடைய திறமை அவரோடு வரும். ஒரு நிமிட வேலை மட்டும் தெரிந்தவருடைய திறமை அந்த வரிசையோடு நின்றுவிடும். பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பெயர்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வெளியேறும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே பள்ளி கற்பிக்க வேண்டியது, ஆலை கற்பிக்காததை. அது என்ன? கைவேலைக்கு அடியில் கிடக்கும் அறிவியல். மூன்று தொழில்களிலிருந்தும் ஒவ்வோர் எடுத்துக்காட்டுக் காண்போம்.

ஒரு நட்டு

காரின் சக்கர நட்டை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் திருப்புவிசைக்கு முடுக்க வேண்டும் என்று கையேடு கூறுவதாகக் கொள்வோம். அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால் இது கிடைக்கும். இதுவரை எட்டாம் வகுப்பு நெம்புகோல் பாடமே போதும்.

இனித்தான் சுவையான பகுதி. நாம் செலுத்தும் உழைப்பில் ஏறத்தாழ பாதி, நட்டின் அடிப்பரப்பில் உராய்வாகப் போகிறது. 40 விழுக்காடு மரையின் உராய்வில் போகிறது. போல்ட்டை இழுத்து நீட்டிச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்க எஞ்சுவது சுமார் 10 விழுக்காடே. இப்போது ஒருவர், "எளிதாகச் சுழலட்டும்" என்று மரையில் எண்ணெய் தடவிவிட்டார். உராய்வு குறைகிறது, அந்த 10 பங்கு 15 பங்காகிறது என்று கொண்டால், கருவி அதே 100 காட்டும்போதே போல்ட்டின் இழுவிசை ஒன்றரை மடங்காகிவிடும். போல்ட்டு தன் எல்லையைத் தாண்டி நீண்டுவிடலாம். மாறாக, துருப்பிடித்த மரையில் கருவி 100 காட்டினாலும் சக்கரம் போதிய இறுக்கம் பெறாது.

திருப்புவிசைக் கருவியின் பாகங்களை எழுதத் தெரிந்த மாணவன், எண் 100 வந்ததும் அடுத்த நட்டுக்குச் சென்றுவிடுவான். உராய்வைப் புரிந்த மாணவன் மரையைத் துடைத்துப் பார்ப்பான். இருவருக்கும் உள்ள வேறுபாடு, சாலையில் ஓர் உயிர் போவதா பிழைப்பதா என்பதாகக்கூட முடியும்.

ஓர் அளவு

அளவீடுகளுக்கு உலகெங்கும் ஏற்றுக்கொண்ட திட்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். கோடையில் நம் பட்டறையின் வெப்பநிலை 40 பாகையை எட்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் அலுமினியப் பகுதியை இரும்பால் ஆன திருகு அளவியால் அளக்கிறோம். அலுமினியம் ஒரு பாகைக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது. எஃகு 12 பங்கு விரிகிறது. 20 பாகை உயர்வுக்கு அலுமினியம் 0.046 மில்லிமீட்டரும், அளவி 0.024 மில்லிமீட்டரும் விரியும். இரண்டின் வேறுபாடு 0.022 மில்லிமீட்டர். திருகு அளவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவோ 0.01 மில்லிமீட்டர். அளவி சரி, அளந்தவரும் சரி, ஆயினும் அளவு பிழை! நல்ல பொருள் கழிக்கப்படவோ, கழிக்க வேண்டிய பொருள் ஏற்கப்படவோ இது போதும்.

அறிவியல் பிரிவு மாணவர்கள் திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளக்கின்றனர். விடையை எழுதியதும் அவர்கள் வேலை முடிகிறது. தொழிலில் அளவு என்பது தீர்ப்பு கூறுவதற்காக: ஏற்கலாமா, கழிக்கலாமா? இந்தத் தீர்ப்பைக் கூறப் பழக்குவதே தொழிற்பாடத்தின் தனிச் சிறப்பாக அமைய வேண்டும்.

ஒரு சட்டி நீர்

காங்கிரீட்டின் வலிமையைப் பெரும்பாலும் முடிவு செய்வது நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் என்பதை அமெரிக்கரான டஃப் ஆபிராம்ஸ் 1918-இல் வெளியிட்டார். விகிதம் 0.5 என்றால், 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் நீர். கலவை இறுகலாக இருக்கிறது என்று வேலையிடத்தில் இன்னொரு சட்டி நீரை ஊற்றுவது நாம் எங்கும் காணும் காட்சி. 5 லிட்டர் கூடினால் விகிதம் 0.6 ஆகிவிடும். சிமெண்டோடு சேராத நீர் பின்னர் ஆவியாகி, உள்ளே நுண்துளைகளை விட்டுச் செல்லும். வலிமை குறையும், கம்பியைத் துரு அரிக்கும்.

நீரை ஊற்றாமலே கூட இது நேரும். 100 கிலோ மணலில் 5 விழுக்காடு ஈரம் இருந்தால், கணக்கில் வராத ஏறத்தாழ 5 லிட்டர் நீர் மணலோடு வந்துவிடுகிறது. மழை பெய்த மறுநாள் மணலை எடைபோட்டு, உலர்த்தி, மீண்டும் எடைபோட்டு நீரின் அளவைக் குறைக்கச் சொல்லும் மாணவனைக் கொத்தனாரும் மேஸ்திரியும் மதிப்பர். இதற்கு ஒரு தராசும் ஓர் அடுப்பும் ஒரு வாணலியும் போதும். எம்-25 வகைக் காங்கிரீட்டில் 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் 28 நாட்களுக்குப் பின் சுமார் 57 டன் சுமையைத் தாங்க வேண்டும் என்பதை மாணவன் தானே கணக்கிட்டு அறிந்தால், அந்தச் சட்டி நீரின் விலை அவனுக்கு விளங்கும்.

வினாத்தாளே பாடத்திட்டம்

மேற்கண்டவற்றுக்கு வேண்டிய செய்திகள் நம் பாடநூல்களில் அறவே இல்லை என்று கூற முடியாது. ஆனால் நம் நாட்டில் உண்மையான பாடத்திட்டம் வினாத்தாள்தான். "பாகங்கள் யாவை?", "வகைகளைக் கூறுக", "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்ற வினாக்கள் பழகிப்போய்விட்டால், ஆசிரியர் பெயர்களைத்தான் கற்பிப்பார், மாணவர் பெயர்களைத்தான் கற்பார். பெயர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெயர் தெரியாமல் ஒரு கருவியைக் கேட்டு வாங்கவும் இயலாது. ஆனால் அது வாசற்படி. வீடு அதற்கு அப்பால் உள்ளது.

வினா இப்படி இருந்தால் என்ன? "குறித்த அளவுக்கு முடுக்கிய நட்டு இரண்டு நாளில் தளர்ந்துவிட்டது. காரணங்கள் மூன்றைக் கூறி, எதை முதலில் சோதிப்பாய், ஏன் என்று எழுதுக." "ஒரே பொருளை மூவர் அளந்ததில் மூன்று அளவுகள் வந்துள்ளன. எதை நம்புவாய்?" "மணலில் 4 விழுக்காடு ஈரம் உள்ளது. ஒரு மூட்டைக் கலவைக்கு எவ்வளவு நீர் சேர்ப்பாய்?" செய்முறைத் தேர்வில், ஒழுங்காக ஓடும் எஞ்சினைக் காட்டிப் பெயர் கேட்பதற்குப் பதிலாக, ஆசிரியரே ஒரு பழுதை உண்டாக்கி வைத்து, அதைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். இதற்குப் புதிய எந்திரம் ஏதும் வாங்கத் தேவையில்லை.

தேவைப்படுவது ஆசிரியர். இங்கேதான் அரசின் பொறுப்பு வருகிறது. 1978-இல் பிரிவு தொடங்கியபோது தொழிலாசிரியர்கள் பகுதிநேரத்தாராகவே அமர்த்தப்பட்டனர். பின்னாளில் ஓய்வுபெற்றோரின் இடங்கள் பல நிரப்பப்படாமல் நின்றன. சில பள்ளிகளில் பிரிவே நின்றுபோயிற்று. பட்டறையில் பத்தாண்டு கைப்பழக்கமும் அறிவியல் அறிவும் ஒருங்கே கொண்ட ஆசிரியரை அமர்த்தாமல், பாடநூலை மட்டும் புதுப்பிப்பதால் பயன் விளையாது.

மேலே செல்லும் படிகள்

இனி, பெற்றோரின் வினாவுக்கு வருவோம். இதற்குமேல் வழி இருக்கிறதா? ஏட்டளவில் வழிகள் உண்டு. தொழிற்பிரிவில் தேறியவர் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் சேர்க்கையிலும் அவர்களுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1986-இல் திருத்தப்பட்டு, மேல்நிலைத் தொழிற்பிரிவு மாணவர்களும் ஆலைகளில் ஊக்கத்தொகையுடன் பழகுநராகச் சேர வகை செய்யப்பட்டது. தென்மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. படிகள் இருந்தும், மாணவருக்கு அவை தெரியாதிருப்பதும், கணித அடிப்படை போதாமல் அவற்றில் ஏற இயலாதிருப்பதும் வருந்தத்தக்கவை. கைவேலைக்கு அடியிலுள்ள கணக்கைக் கற்பித்தால் இந்த இரண்டாம் தடை பெரிதும் விலகும்.

பிற நாடுகளில் ஜெர்மனியை எல்லோரும் மேற்கோள் காட்டுவர். அங்கே 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், இளைஞர் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் நிறுவனத்திலும், மீதி நாட்கள் தொழிற்பள்ளியிலும் பயில்கின்றனர். இம்முறையின் உயிர், கற்பிக்கும் கடமையை நிறுவனமும் சட்டப்படி ஏற்பதில் இருக்கிறது. அங்கே பழகுநர் ஒருவர் வரிசையின் ஓரிடத்தை நிரப்பும் மலிவான கையாக நடத்தப்படுவதற்குச் சட்டம் இடம் தருவதில்லை; முழுத் தொழிலையும் அவர் கற்றாக வேண்டும், தேர்விலும் நிரூபித்தாக வேண்டும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள ஆலைகளிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுவே. பள்ளிக்குப் பழைய எஞ்சின் ஒன்றை நன்கொடையாகத் தருவது நல்லதுதான். பழகுநரை ஓராண்டில் அளவீட்டுக் கூடம், பராமரிப்புப் பிரிவு, பொருத்து வரிசை என எல்லா இடங்களுக்கும் மாற்றி மாற்றி அனுப்புவது அதைவிட நல்லது.

தொழிற்பிரிவைக் குறை கூறி மூடிவிடுவது எளிது. அதில் சேர்பவர்கள் பெரும்பாலும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். வேறு பிரிவில் இடம் கிடைக்காதவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்குத் தரப்படும் பாடம் இரண்டாந்தரமாக இருந்தால் கேள்வி கேட்பார் இல்லை. அதனாலேயே அது முதல் தரமாக இருக்க வேண்டும். பிள்ளையைத் தொழிற்பிரிவில் சேர்க்கும் பெற்றோர் பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பட்டறையில் மாணவர்கள் தங்கள் கையால் அளக்கிறார்களா? பழுதைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்களா? அதற்கான காரணத்தைத் தமிழில் சொல்ல அவர்களுக்குத் தெரிகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை சொல்லும் பள்ளியில் பயின்ற மாணவன் எந்த ஆலை வாசலிலும், எந்தக் கல்லூரி வாசலிலும் தலைநிமிர்ந்து நிற்கலாம்.